பெரியாறு வரை வந்த குமரி மணல்

சுள்ளிக்கல், மட்டாஞ்சேரிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்க்கு ஆலுவா என்றதும் சிவராத்திரி மணப்புறம்தான் நினைவுக்கு வரும். அதே பெரியாற்றங்கரையில், உத்தியோகமண்டலில், 1952 டிசம்பர் 24 அன்று பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்த ஆலை ஒன்று உண்டு. அதன் வரலாறு நம் குமரிக் கரையில் தொடங்குகிறது.

திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் ஆராய்ந்தார். அதில் மோனசைட் இருந்தது. அதிலுள்ள தோரியம் இல்லாமல் அந்நாளைய வாயு விளக்குக்கு மேன்டில் கிடையாது. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் வந்ததும் அவரைக் கைது செய்தார்கள்; ஆனால் ஆலை நிலைத்தது. 1950-இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. மணவாளக்குறிச்சி, சவரா ஆலைகள் 1965-இல் அதன் கைக்கு வந்தன.

மணலில் கலந்து கிடக்கும் கனிமத்தைப் பிரிப்பது எப்படி? நம்ம வீட்டில் அரிசி அரிப்பது போலத்தான். தண்ணீரோடு அரிசி முன்னே போகும், கல் அடியில் தங்கும். சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். மோனசைட் ஏறக்குறைய 5 மடங்கு. இந்த வித்தியாசத்தை வைத்து ஹம்ப்ரீஸ் என்ற அமெரிக்கர் அமைத்த ஸ்பைரல், 1943-இல் ஆரிகன் கடற்கரையில் குரோமைட் மணலைப் பிரித்தது.

சுற்றி இறங்கும் மாடிப்படி மாதிரி ஓர் ஓடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து மணலும் நீரும் ஊற்றினால், மேல்மட்ட நீர் வேகமாக ஓடி வெளிப்பக்கம் ஒதுங்கும். லேசான மணல் அதோடு போகும். அடிமட்ட நீர் மெதுவாக நகரும். கனத்த மணல் அதில் அமிழ்ந்து உள்விளிம்பில் இறங்கும். சுழலும் பாகமே இல்லை. ஆனால் 0.075 மில்லிமீட்டருக்கும் கீழே போனால், கனமான துகளையும் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். நம் கரையில் கடலே சேற்றைக் கழுவி, மணலைத் தரம்பிரித்துக் கொடுத்திருப்பதால் வேலை எளிது. இப்படித் திரட்டியதிலிருந்து காந்தமும் மின்சாரமும் கொண்டு இல்மனைட், ரூட்டைல், மோனசைட் எனத் தனித்தனியே எடுப்பார்கள்.

1956 நவம்பர் 1 அன்று மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு சேர்ந்தது, ஆலுவா கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்த பிறகும் இரு கரைகளின் கவலை ஒன்றாகவே இருக்கிறது. கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டில் 2018-19-இல் கடலரிப்புக்கு அஞ்சி மக்கள் போராடினார்கள். 2024-இல் குமரியின் கிள்ளியூர்ப் பகுதியிலும் மணல் எடுப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. நாட்டுக்கு இந்தக் கனிமம் வேண்டும் என்பது மெய். கரை போனால் அங்கே வலை காயவைக்கும் மீனவர்க்கு வேறு கரை கிடையாது என்பதும் மெய். இரு மாநிலத்தையும் தம் ஊராகக் கொண்ட நாம் இரண்டையும் அறிந்து பேச வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.