சாவ்சௌ

தென் சீனத்தில், குவாங்டாங் மாகாணத்தின் கிழக்குக் கோடியில், ஹான் ஆறு மலைகளை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில், அதன் மேற்குக் கரையை ஒட்டி எழுந்த புராதன நகரம் சாவ்சௌ. தென்கிழக்காசிய நாடுகளில் தியோச்சூ என்ற பெயரால் அறியப்படும் மக்களுக்கும், அவர்களுடைய மொழி, நாடகம், சமையல், தேநீர் ஆசாரம் ஆகியவற்றுக்கும் இதுவே பிறப்பிடம். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி நகரமும் அதைச் சேர்ந்த கிராமப் பகுதிகளுமாக இங்கே வசிப்போர் ஏறத்தாழ 25 லட்சத்து 70 ஆயிரம் பேர். 1986ல் சீன அரசாங்கம் சரித்திரச் சிறப்புடைய நகரங்களின் வரிசையில் சாவ்சௌவைச் சேர்த்தது. 2023ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உணவுக்கலை நகரம் என்ற விருதை அளித்தது.

நிலமும் மக்களும்

வடக்கே மலைகளும் தெற்கே கடலும் நெருக்க, இடையே ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் பூமியே இம்மக்களின் ஜீவாதாரம். மண் செழிப்பானது, ஆனால் அதை நம்பி வாழ்வோரின் தொகைக்கு அது என்றுமே போதவில்லை. கைப்பிடி நிலத்திலிருந்து ஒரு குடும்பத்தின் உணவை எடுக்க வேண்டியிருந்தமையால், இங்குள்ள உழவர் வயல் வேலையைப் பூத்தையல் வேலையைப்போலச் செய்வர் என்ற பேச்சு வழங்கலாயிற்று. இந்த நெருக்கடியே இரண்டு விளைவுகளுக்கு வித்திட்டது. ஒன்று, கையில் உள்ளது சிறிதாயினும் அதைக் குறையற்ற நுட்பத்தோடு முடிக்கும் பழக்கம். மற்றொன்று, இடம் போதாதவர் கப்பலேறிச் சென்று, சென்ற இடத்திலிருந்து ஊரைத் தாங்கும் வழக்கம். சாவ்சௌவின் கலை, கட்டிடம், உணவு ஆகியவற்றில் பிரயாணி காணும் சிறப்புக்களை இவ்விரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் காரணம் நன்கு விளங்கும்.

ஹான் யூவின் நினைவு

சூயி வம்ச காலத்தில், 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், இப்பெயர் பெற்ற இந்நகரம், அக்காலத்துத் தலைநகரிலிருந்து நோக்குவோர்க்கு நாகரிகத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒரு தண்டனை ஸ்தலமாகவே தோன்றியது. தாங் வம்சத்துச் சீயன்சொங் சக்கரவர்த்தி புத்தபிரானின் விரல் எலும்பு என்று போற்றப்பட்ட ஒரு சின்னத்தை அரண்மனைக்கு எழுந்தருளச் செய்தபோது, அதைக் கடுமையாகக் கண்டித்து விண்ணப்பம் எழுதிய மகா பண்டிதர் ஹான் யூ, அதன் பலனாக 819ல் இவ்வூர் அதிகாரியாக இங்கே நாடு கடத்தப்பட்டார். அவர் இருந்தது ஏறக்குறைய எட்டு மாத காலமே. அதற்குள் ஊர்ப் பாடசாலையை உயிர்ப்பித்து, அதற்குத் தம் ஊதியத்திலிருந்தே பொருள் உதவி, ஜாவ் தே என்ற உள்ளூர்ப் பண்டிதரை ஆசிரியராக அமர்த்தினார். ஆற்றில் கால்நடைகளை இரைகொண்ட முதலைகளை நாட்டை விட்டு அகலும்படி கட்டளையிட்டு ஒரு பிரகடனம் எழுதிப் படித்தார். அந்தப் பிரகடனம் சீன உரைநடையின் பிரசித்தி பெற்ற மாதிரிகளுள் ஒன்றாக இன்றும் பயிலப்படுகிறது.

தண்டனை பெற்று வந்தவரையே ஊரார் தம் குலகுருவாக ஏற்றுக்கொண்டனர். ஆற்றுக்கும், கீழ்க்கரையிலுள்ள குன்றுக்கும் அவர் பெயரே நிலைத்தது. 999ல் முதலில் அமைக்கப்பெற்ற அவருடைய நினைவாலயம் 1189ல் இப்போதுள்ள குன்றின் சரிவுக்கு மாற்றப்பட்டது. 1092ல் கவிஞர் சூ ஷி அவ்வாலயத்துக்கென ஒரு கல்வெட்டு வாசகம் இயற்றினார். ஆலயத்துக்கு ஏறும் 51 படிகள், ஹான் யூ இங்கே வந்தபோது அவருக்கிருந்த வயதைக் குறிப்பன என்பர். புத்த சின்னத்தைக் கண்டித்தவருக்கு எழுந்த இவ்வாலயத்துக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில், 738ல் ஸ்தாபிக்கப்பட்ட காய்யுவான் புத்த விஹாரம் நகரத்தின் நடுவே இன்றும் தூபப் புகையோடு விளங்குகிறது. இரண்டையும் ஊரார் ஒரே பக்தியோடு போற்றுகின்றனர்.

கல்வியின்பால் அன்று எழுந்த மதிப்பு பின்னரும் குன்றவில்லை. 1532ல் சாம்ராஜ்யம் முழுவதற்குமான பரீட்சையில் முதலிடம் பெற்ற லின் தாச்சின் இவ்வூரார். 15 வயதை எட்டிய குழந்தை பன்னிரண்டு வகைப் பூக்கள் இட்ட நீரில் ஸ்நானம் செய்து, செந்நிற மரமிதியடி அணிந்து, பருவமடைந்தவனாக ஏற்கப்படும் குடும்பச் சடங்கில், அம்மிதியடி வறுமையில் படித்து உயர்ந்த அவரையே நினைவூட்டுவதாகச் சொல்லுவர். நம் காலத்தில் இங்கே 1917ல் பிறந்த ஜாவ் சொங்யீ, சீனத் தொல்லெழுத்தில் மட்டுமன்றி சமஸ்கிருதத்திலும் பயிற்சி பெற்று, 1963ல் பூனாவிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி செய்தவர் என்பது பாரத தேசத்தார் அறிந்து மகிழத்தக்கது.

குவாங்ஜி பாலம்

நகரத்தின் கிழக்கு வாயிலுக்கு நேர் எதிரே ஆற்றைக் கடக்கும் குவாங்ஜி பாலம், சீனத்தின் நான்கு பெரும் பழம்பாலங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. 1171ல் படகுகளைப் பிணைத்து இதைத் தொடங்கினர். பின்னர் இரு கரைகளிலிருந்தும் கல் தூண்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு வந்தவர்கள், நடு ஆற்றில் வெள்ளத்தின் வேகமும் ஆழமும் அதற்கு மேல் இடங்கொடாமையால், இடைவெளியைப் படகுகளாலேயே இணைத்து விட்டனர். 1435ல் தூண்களின்மீது மண்டபங்கள் எழுந்தன. 1513ல் மேலும் ஒரு தூண் கட்டப்பட்டபின் படகுகளின் எண்ணிக்கை 18 ஆகக் குறைந்தது. இவ்வாறு 24 கல் தூண்களும் 18 படகுகளும் கொண்டு 518 மீட்டர் நீண்ட இப்பாலம், படகுகளை விலக்கினால் கப்பல்களுக்கு வழிவிடவும், சேர்த்தால் மக்கள் நடக்கவும் இசைந்து, இயற்கையின் தடையையே உபாயமாக மாற்றிக்கொண்ட அற்புதப் படைப்பாயிற்று. பாலம் ஒரு கடைவீதியாகவும் விளங்கியது. மண்டபந்தோறும் வியாபாரம் நடந்தது.

ஹான் யூவின் குலத்தில் உதித்துச் சித்தி பெற்ற ஹான் சியாங்சி ஒரு கரையிலிருந்தும், குவாங்ஜி என்ற துறவி மறுகரையிலிருந்தும் கட்டி வந்தார்கள் என்பது மக்கள் கூறும் கதை. சியாங்சி பாலம் என்ற மற்றொரு பெயரும் இதற்கு வழங்கும். வெள்ளத்தை அடக்கும் நோக்கத்தோடு 1724ல் வார்க்கப்பட்ட இரும்பு எருதுகள் இரண்டில் ஒன்றை 1842ஆம் ஆண்டு வெள்ளமே அடித்துச் சென்றது. 1958ல் படகுகள் நீக்கப்பட்டு வண்டிகள் செல்லத்தக்க பாலமாக இது மாற்றப்பட்டது. 2003 முதல் 2007 வரை நடந்த பெரும் பணியால் மண்டபங்களும் படகுகளும் பழையபடி அமைக்கப்பட்டன. மாலையில் படகுகளைப் பிரித்து விடுவதால், நடந்து கடக்க விரும்புவோர் பகலிலேயே வரவேண்டும்.

பழைய நகரம்

மிங் வம்சத்துத் தொடக்கத்தில், 1370ஐ ஒட்டி எழுந்த கற்கோட்டை மதில் ஆற்றோரமாக இன்றும் நிற்கிறது. அது பகைவரைத் தடுத்ததோடு வெள்ளத்தையும் தடுத்தது. உள்ளே, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீண்டு செல்லும் தோரணத் தெருவில், பரீட்சைகளில் தேறியோர், அறம் செய்தோர், சிறந்த அதிகாரிகள் ஆகியோரின் நினைவாக எழுந்த கல் தோரணங்கள் வரிசையாக நின்றன. அவை 1950களில் அகற்றப்பட்டு, இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இருபதுக்கு மேற்பட்டவை திரும்பவும் எழுப்பப்பட்டன. தெருவை விட்டுச் சந்துகளுள் நுழைந்தால், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பழைய வீடுகளையும், வாயிற் கற்களில் பொறித்த சித்திரங்களையும், வண்ணப் பீங்கான் துண்டுகளை வெட்டிப் பதித்துப் பூவும் பறவையுமாக ஆக்கிய கூரை விளிம்புகளையும் காணலாம்.

1887ல் கட்டப்பட்ட ஹுவாங் குலத்தார் முன்னோர் மண்டபம், மரச் சிற்பக் கலையின் சிகரம். உத்தரங்களிலும் தாங்குகட்டைகளிலும் அடுக்கடுக்காகக் குடைந்து, அரக்குப் பூசித் தங்க ரேக்கு ஒட்டிய அவ்வேலையை அருகில் நின்று பார்ப்பவன், முன்னால் நிற்கும் உருவத்துக்குப் பின்னே இன்னொன்றும், அதற்கும் பின்னே மற்றொன்றும் இருப்பதை உணர்வான். ஒரே கட்டையில் மீன்கூடை ஒன்றைக் குடைந்து, அதன் கண்ணிகளின் வழியே ஏறியிறங்கும் இறால்களையும் நண்டுகளையும் செதுக்குவது இத்தச்சர்கள் விரும்பும் ஒரு விஷயம். நகரத்துக்கு வெளியே சாய்தாங் என்ற ஊரில், ஜொகூரில் பெருஞ்செல்வரான தான் யோக் நீ 1870 முதல் 1883 வரை எழுப்பிய மண்டபத்தில் கல்லும் இதே பக்குவத்துக்கு உட்பட்டிருக்கிறது: அங்கே எருமையை ஓட்டும் சிறுவனின் கையிலுள்ள கயிறு, ஊதுவத்தி அளவு மெல்லியதாய், முறுக்கிய புரிகளும் தெரியக் கல்லில் நிற்கிறது. அதே செல்வர் சிங்கப்பூரில் கட்டிய மாளிகையும் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னங்களுள் ஒன்றாகப் பாதுகாக்கப்படுகிறது.

மொழியும் நாடகமும்

தியோச்சூ மொழி, தென் மின் என்னும் கிளையைச் சேர்ந்தது. எட்டு ஸ்வர பேதங்களைக் கொண்டது. குவாங்சௌ நகரத்துப் பேச்சு இதனின்றும் முற்றிலும் வேறு. இம்மொழியில் நடைபெறும் நாடகத்தின் தொன்மைக்கு, 1566ல் அச்சான 'லிச்சி–கண்ணாடி' நாடகப் பிரதி சாட்சி; சுவான்சௌ இளைஞன் சென் சானும் சாவ்சௌ நங்கை ஊ நியாங்கும் கொண்ட காதலைக் கூறும் அந்நூலின் பிரதிகள் ஆக்ஸ்போர்டிலும் ஜப்பானிலும் காக்கப்படுகின்றன. பஞ்சு வைத்துப் புடைப்பித்துப் பொன்னிழையால் தைக்கும் சாவ்சௌப் பூத்தையல், இந்நாடக உடைகளின் வாயிலாகவே பெரும் பெயர் பெற்றது.

தேநீர்

நகரத்தின் வடக்கே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர்ந்த ஃபெங்ஹுவாங் மலைத் தொடரில், மரத்துக்கு மரம் வேறுபட்ட வாசனையுடைய டான்சொங் என்னும் ஊலாங் தேயிலை விளைகிறது. தேன் மணம், மல்லிகை மணம் என்று அவற்றுக்கு இட்ட பெயர்கள் பல. அதை அருந்தும் முறையே கொங்ஃபூ தேநீர். கைக்குள் அடங்கும் செம்மண் கெண்டியில் இலையை நிரம்ப இட்டுக் கொதிநீர் வார்த்து, சில நொடிகளிலேயே, நெருக்கமாக வைத்த மூன்று சிறு கிண்ணங்களின்மேல் கெண்டியைச் சுற்றிச் சுற்றி ஊற்றுவர். ஒன்றில் கஷாயம் அழுத்தமாகவும் ஒன்றில் நீர்த்தும் போகாதிருப்பதே இதன் நோக்கம். இச்செயலைத் தளபதி குவான் யூ நகர வலம் வருதல் என்றும், கடைசித் துளிகளைக் கிண்ணத்துக்கொன்றாக விடுவதைத் தளபதி ஹான் சின் படையை எண்ணுதல் என்றும் வருணிப்பர். கூடியிருப்போர் எத்தனை பேராயினும் கிண்ணம் மூன்றே என்பது பழைய மரபு. மூத்தோர்க்கும் விருந்தாளிக்கும் முதலில் கொடுத்து, கிண்ணத்தைக் கொதிநீரில் அலம்பி, அடுத்த சுற்றில் மற்றவர் பருகுவர். கடை வாயிலிலும், பட்டறையிலும், தெருவோர முக்காலியிலும் நாள்தோறும் நடக்கும் இவ்வழக்கம் பணக்காரருக்கும் ஏழைக்கும் பொது. 2022ல் யுனெஸ்கோவின் பட்டியலில் சீனத் தேநீர்ப் பாரம்பரியங்களோடு இதுவும் இடம்பெற்றது.

உணவு

சாவ்சௌச் சமையலின் மூலதத்துவம், பொருளின் இயல்பான சுவையைக் காத்தல். காரமும் எண்ணெயும் அடங்கியே இருக்கும்; சுவையை ஏற்றுவது ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் உரிய தொட்டுக்கொள்ளும் சாறுகளின் வேலை. இதில் இவர்கள் காட்டும் கண்டிப்பு பிரமிக்கத்தக்கது. சிப்பி அடைக்கு மீன்சாறு, வாத்துக்குப் பூண்டுக் காடி, குளிர்ந்த மீனுக்கு அவரைக் களிம்பு என்று தனித்தனிக் கிண்ணங்கள் வந்தமைகின்றன. சிப்பி அடையைச் செய்பவர், சூடேறிய இரும்புத் தட்டில் பன்றிக் கொழுப்பை உருக்கி, சர்க்கரைவள்ளி மாவுக் கரைசலில் கலந்த சிறு சிப்பிகளைப் பரப்பி, அதன்மேல் வாத்து முட்டையை ஊற்றி, ஓரம் மொறுமொறுக்கவும் நடுவிடம் மிருதுவாகவும் இருக்கும்படி திருப்பி எடுக்கிறார். சிங்கத்தலை என்னும் மிகப் பெரிய வாத்தினம், அரத்தை, பட்டை, அன்னாசிப்பூ, சோயாச் சாறு இட்ட நீரில் மெல்ல வேகிறது. மாட்டுத் தொடைக்கறியை இரண்டு இரும்புத் தடிகளால் கூழாகும் வரை இடித்து, கை முஷ்டியினின்றும் பிதுக்கி எடுக்கும் உருண்டைகள் பல்லில் துள்ளும் தன்மையன.

எளிய வீட்டின் அன்றாட உணவோ வெறும் அரிசிக் கஞ்சி. அரிசி மலர்ந்து கரையுமுன் இறக்கிய அதனுடன், உப்பிட்டு உலர்த்திய முள்ளங்கி, கடுகுக்கீரை ஊறுகாய், சிறு மீன் ஆகியவை சேரும். சர்க்கரைவள்ளிக் கீரையைக் கடைந்த ஒரு குழம்பு, மங்கோலியர்க்கு அஞ்சி ஓடிவந்த சொங் வம்சத்துக் கடைசிப் பாலச் சக்கரவர்த்திக்குத் துறவிகள் இட்ட விருந்து என்ற ஐதீகம் பற்றி, நாட்டைக் காத்த கீரை என்று போற்றப்படுகிறது. அக்கிழங்கு சீனத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டிலேயே ஆதலால், ஐதீகம் உண்மையாயின் அக்கீரை வேறொன்றாதல் வேண்டும். சேப்பங்கிழங்கைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டி வெண்மையாகப் பூக்க விடும் இனிப்பு விருந்தின் முடிவில் வரும்.

கடல் கடந்தோர்

செந்நிற முகப்புடைய பாய்க்கப்பல்கள் சாங்லின் துறையிலிருந்து சயாமுக்குச் சென்ற காலந்தொட்டு, 1860ல் சுவாத்தோ துறைமுகம் அயல்நாட்டு வர்த்தகத்துக்குத் திறக்கப்பட்டபின் மேன்மேலும், இம்மக்கள் சயாம், மலாயா, சிங்கப்பூர், கம்போடியா, வியட்நாம் தேசங்களில் குடியேறினர். 1767 முதல் 1782 வரை சயாமை ஆண்ட தக்சின் மன்னரின் தந்தை இப்பகுதியினர். சிங்கப்பூரில் 1845ல் நிறுவப்பட்ட நீ ஆன் கொங்சி இன்றும் கல்விக்கும் தர்மத்துக்கும் பெரும்பொருள் வழங்குகிறது. குடும்பத்துக்கு அனுப்பிய பணத்தோடு ஒரே உறையில் வந்த கடிதங்கள் எண்ணற்றவை. அவை 2013ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பணத்தோடு சுவையும் திரும்பி வந்தது: மலாய் மக்களின் சாத்தேயைக் கண்டு வந்தவர்கள் ஆக்கிய சாச்சா என்னும் குழைவு, இப்போது இவ்வூர் மாட்டுக்கறி உருண்டைக்கு இன்றியமையாத துணை.

பிரயாணிகளுக்கு

2013ல் திறந்த அதிவேக ரயில் மார்க்கத்திலுள்ள சாவ்ஷான் நிலையமும், ஜியேயாங்கிலுள்ள விமான நிலையமும் நகரத்தை அடைய வழிகள். கோடையில் புயலும் மழையும் மிகுதி. ஐப்பசி முதல் பங்குனி வரையுள்ள காலம் உத்தமம். பழைய நகரை நடந்தே பார்த்தல் வேண்டும். காலையில் கஞ்சிக் கடை, பின் விஹாரமும் சந்துகளும், பிற்பகலில் பாலமும் ஹான் யூ ஆலயமும் என்று வகுத்துக்கொள்வது வசதி. பச்சையாக உப்பில் ஊறவைத்த நண்டும் சிப்பியும் எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளா என்பதை நினைவில் வைக்கவேண்டும். கடைக்காரர் தேநீர் அளித்தால் மறுக்க வேண்டியதில்லை. வாங்கியே ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதில் இல்லை. அரண்மனையோ பேரரசரின் கல்லறையோ இல்லாத இந்நகரம் சரித்திரத்தில் பெற்ற இடம், குறுகிய நிலத்தில் வாழ்ந்த சாமானிய மக்கள் தங்கள் கைவேலையையும் உணவையும் உபசாரத்தையும் தலைமுறை தலைமுறையாக அலட்சியமின்றிச் செய்துவந்ததனால் கிடைத்தது. ஆகவே இங்கே வருவோர் கட்டிடங்களுக்கு ஒதுக்கும் நேரத்தை அம்மக்களின் பட்டறைகளுக்கும் அடுப்பங்கரைகளுக்கும் ஒதுக்குவது அவசியம்.