இறக்குமதி வாசலில் ஒரு கொக்கி

பினாங்குக்காரர்களுக்கு இறக்குமதி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய நாளிலிருந்து 1969 வரை இது வரியில்லாத் துறைமுகம். வெல்ட் கீ கரையில் மூட்டை இறக்கியவர்கள் கையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கும். மூட்டையில் மாட்டி இழுத்தால் கிடங்குக்குள் போய்விடும். இன்று நான் பேசப்போவது இன்னொரு இறக்குமதி, இன்னொரு கொக்கி. கணினி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாடமாகப் படிக்கும் பைத்தான் மொழியின் கதைதான் இது.

பைத்தானை உருவாக்கியவர் நெதர்லாந்தின் கிடோ வான் ரோசம். 1989 டிசம்பரில் தொடங்கி 1991-இல் வெளியிட்டார். அது இன்டர்பிரெட்டர் வகை மொழி. நீங்கள் எழுதிய நிரலைப் படித்து அப்போதைக்கப்போது இயக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டியதில்லை. கணக்குக்கு ஒரு தொகுதி, தேதிக்கு ஒரு தொகுதி என்று பிறர் எழுதி வைத்திருப்பார்கள். 'இம்போர்ட்' என்று ஒரு சொல் எழுதினால் அந்தத் தொகுதி வந்து சேரும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருளே இறக்குமதிதான்.

எங்கிருந்து வரும்? கணினியில் எந்தெந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. இன்டர்பிரெட்டர் அதை வரிசையாகப் பார்க்கும். கோப்பு கிடைத்தால் ஏற்றும், கிடைக்காவிட்டால் பிழை சொல்லி நின்றுவிடும். இந்தத் தேடும் வேலை முழுவதும் சி மொழியில் எழுதப்பட்டு இன்டர்பிரெட்டரின் வயிற்றுக்குள் கிடந்தது. வெளியார் கை வைக்க முடியாது.

ஆனால் ஊரில் தேவைகள் வளர்ந்துகொண்டே போயின. ஒருவர் தன் நிரலையெல்லாம் ஒரே 'ஸிப்' கோப்பில் சுருக்கிக் கொடுக்க விரும்பினார். இன்னொருவர் வலைப்பின்னல் வழியே தொகுதியை எடுக்க விரும்பினார். வேறொருவருக்குப் பைத்தானே இல்லாத கணினியிலும் ஓடும்படி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்ட ஆசை. இதற்கு அன்றைக்கு ஒரே வழிதான் இருந்தது. 'இம்போர்ட்' செய்யும் உள் செயற்கூற்றையே தூக்கிவிட்டு நம்முடையதை வைக்க வேண்டும். சுங்கச் சாவடியில் ஒரு சன்னல் கூடுதலாகத் திறக்கச் சொன்னால், சாவடி முழுவதையும் இடித்து நீயே கட்டிக்கொள் என்ற மாதிரி! கட்டியவரும் நிம்மதியாக இருக்க முடியாது. அடுத்து ஒருவர் வந்து தன் சாவடியைக் கட்டினால் முன்னவருடையது போச்சு.

2001-இல் ஜேம்ஸ் ஆல்ஸ்ட்ரம் என்பவர், ஸிப் கோப்பிலிருந்து தொகுதியை ஏற்றும் வசதியை பைத்தானிலேயே சேர்க்கலாம் என்று முன்மொழிந்தார். நல்ல யோசனைதான். ஆனால் ஸிப்புக்கு ஒரு தனிக்கதவு வைத்தால், நாளை இன்னொன்றுக்கு இன்னொரு கதவா?

இங்கேதான் யுஸ்ட் வான் ரோசம் வருகிறார். கிடோவின் தம்பி. தொழிலால் எழுத்துரு வடிவமைப்பாளர். எழுத்துருக் கோப்புகளைப் பிரித்து ஆராயும் 'ஃபான்ட்டூல்ஸ்' என்ற கருவியை எழுதியவரும் இவரே. ஒரு மொழியின் அடிமடியில் கைவைத்த மாற்றம் எழுத்து வரைபவரிடமிருந்து வந்தது எனக்குப் பிடித்த செய்தி. யுஸ்ட்டும் பால் மூரும் 2002 டிசம்பரில் 302-ஆம் எண் முன்மொழிவை வைத்தார்கள். 2003 ஜூலையில் வெளியான பைத்தான் 2.3-இல் அது நடைமுறைக்கு வந்தது.

அவர்கள் செய்தது என்ன? வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். தேடுபவர் ஒருவர், ஏற்றுபவர் ஒருவர். தேடுபவர்களுக்கு ஒரு வரிசை வைத்தார்கள். இன்டர்பிரெட்டர் வரிசையில் முதலாமவரிடம் கேட்கும்: "இந்தத் தொகுதி உன்னிடம் உண்டா?" இல்லையென்றால் அடுத்தவர். உண்டு என்றால் அவர் ஏற்றுபவரைக் கைகாட்டுவார். யாரிடமும் இல்லாவிட்டால் பழைய வழி. யாரும் எதையும் இடிக்க வேண்டாம், வரிசையில் போய் நின்றால் போதும். இதற்குப் பெயர்தான் 'இம்போர்ட் ஹூக்', தமிழில் கொக்கி. ஸிப் கோப்புக்கான ஏற்றியும் இந்தக் கொக்கிகளில் ஒன்றாகவே வந்தது.

ஜாவா மொழி 1996-இல் முதலில் வந்தபோதே இதைப் போன்ற ஏற்றிகளை வைத்திருந்தது. ஆக, பைத்தான்தான் முதல் என்று சொல்லவில்லை. அதன் சுவையான கட்டம் பிறகுதான் வருகிறது. பழைய சி நிரல், வரிசைக்குப் பின்னால் முதலாளி மாதிரி தனியே உட்கார்ந்திருந்தது அல்லவா? பிரெட் கேனன் என்பவர் அதே வேலையைப் பைத்தான் மொழியிலேயே திரும்ப எழுதினார். 2009-இல் 3.1 பதிப்பில் அது ஒரு தொகுதியாக வெளிவந்தது. 2012 செப்டம்பரில் 3.3 பதிப்பில் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். முதலாளியும் எல்லாரோடும் ஒரே வரிசையில் வந்து நின்றார்.

ஒரு சிக்கல் உங்களுக்கும் தோன்றியிருக்கும். தொகுதிகளை ஏற்றும் நிரலே ஒரு தொகுதி என்றால், அதை யார் ஏற்றுவது? பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே! அதனால் அந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே மாற்றி, உறைந்த வடிவில் இன்டர்பிரெட்டருக்குள்ளேயே பதித்து வைத்தார்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு? பைத்தானில் 2008-இல் வந்த 3.0 பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ஆனால் மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். கொக்கி இருந்தால், தமிழ்ச் சொற்களில் எழுதிய கோப்பை ஏற்றும் நேரத்திலேயே பைத்தானாக மாற்றிக் கொடுக்கலாம். இன்டர்பிரெட்டரைத் தொடவே வேண்டாம். கனடாவின் ஆன்ட்ரே ரோபெர்ஜ் இதே வழியில் பிரெஞ்சுச் சொற்களுக்கு 'அவான்ட்பை' செய்திருக்கிறார்.

நம்மவர் முத்து அண்ணாமலை வேறு வழியில் போனார். 2009-இல் அவர் கட்டுரையாக அறிமுகப்படுத்திய 'எழில்' மொழி, பைத்தானில் எழுதப்பட்ட தனி இன்டர்பிரெட்டர். அச்சிட 'பதிப்பி' என்பார்கள். நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' பின்னால் வரும். நாம் பேசுவது அப்படித்தானே? வெறுமனே சொல்லுக்குச் சொல் மாற்றினால் இந்த வரிசை கிடைக்காது. கொக்கி போட்டாலும், வாக்கியத்தைப் பிரித்தறிந்து மாற்றி அடுக்கும் வேலை மிச்சமிருக்கும். அந்த வேலையை அவர் நேராகவே செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கொக்கிக்கு இன்னொரு முகமும் உண்டு. வரிசையின் முதலிடத்தில் நிற்பவர் எந்தப் பெயருக்கும் "என்னிடம் உண்டு" என்று சொல்லலாம். இன்டர்பிரெட்டர் நம்பிவிடும். முகம் தெரியாதவர் எழுதிய தொகுதியை ஏற்றினால், அது தனக்கொரு கொக்கியை மாட்டிக்கொண்டு, பின்னால் வரும் ஒவ்வொரு சரக்கையும் மாற்றிக் கொடுக்க முடியும்.

302-ஆம் முன்மொழிவு வகுத்த தேடும் முறைக்குப் பதிலாக, எரிக் ஸ்னோவின் புதிய முறை 2014-இல் 3.4 பதிப்பில் வந்தது. பழைய முறையிலான தேடலை 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பு முற்றாக விலக்கிவிட்டது. 2003-ஐ ஒட்டி எழுதிய கொக்கிகள் இன்று அப்படியே மாட்டாது. வரிசை மட்டும் இருக்கிறது.