பாடல் கைமாறிய கதை

இசைத்தட்டை விற்பதற்கான விளம்பரம் என்ற அளவிலேயே இசைக் காணொளியை நாம் பெரும்பாலும் மதிப்பிட்டு வந்திருக்கிறோம். 1981 ஆகஸ்டில் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கப்பட்டபின் அம்மதிப்பீடு மேலும் உறுதிப்பட்டது. பாடல் பல்லக்கில் அமர்ந்திருக்கும். படம் அதைச் சுமந்து செல்லும். ஆனால், பல்லக்கில் இருந்தவரையே படம் மாற்றிவிட்ட நிகழ்வு ஒன்றும் உண்டு.

நைன் இன்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் ‘ஹர்ட்’ என்ற பாடலை எழுதி 1994இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. தன்னைத்தானே வதைத்துக்கொள்ளும் இளைஞனின் கசப்பு அது. 2002இல் கன்ட்ரி இசையின் மூத்த பாடகர் ஜானி கேஷ், ரிக் ரூபினின் தயாரிப்பில் அதைப் பாடி வெளியிட்டார். பாடலில் இருந்த ஒரு வசைச்சொல்லை நீக்கி, அவ்விடத்தில் ‘முட்கள்’ என்று வைத்தார். தலையில் சூடிய முடி முள்முடியாயிற்று.

மறு ஆண்டு வெளிவந்த காணொளியை இயக்கியவர் மார்க் ரோமனெக். டென்னசி மாநிலத்து ஹெண்டர்சன்வில்லில் இருந்த கேஷின் வீடும், மூடிக்கிடந்து சிதைந்துபோன அவரது அருங்காட்சியகமுமே களங்கள். தளர்ந்த முதியவர், இடையிடையே அவரது இளமைக்காலப் படச்சுருள்கள், படிக்கட்டில் நின்று அவரைப் பார்க்கும் மனைவி ஜூன் கார்ட்டர். இறுதியில் பியானோவின் மூடி சாத்தப்படுகிறது.

பாடல் வரிகள் சொல்லும் ஊசியைப் படம் காட்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பாடுபவர் யார் என்பதையே அது காட்டியது. இளைஞனின் வாயில் அச்சமாக ஒலித்த சொற்கள், அந்த முகத்தருகே வந்ததும் வாழ்ந்து முடித்தவரின் கணக்கெடுப்பாயின. கேஷின் பதிவை முதலில் கேட்டபோது அந்நியமாக உணர்ந்ததாகவும், காணொளியைப் பார்த்தபோதே பாடல் இனித் தம்முடையதன்று என்று பட்டதாகவும் ரெஸ்னர் பின்னர் கூறியிருக்கிறார். குரல் தொடங்கியதைப் படம் முடித்து வைத்தது.

இதில் இழப்பும் உண்டு. 2003 மே மாதம் ஜூனும் செப்டம்பரில் கேஷும் மறைந்தனர். 2007இல் அந்த வீடும் தீக்கிரையாயிற்று. பார்த்தவர்களாகிய நாம் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் படிக்கட்டும் மூடிய பியானோவும் வந்து நிற்கின்றன. முதலில் பாடிய இளைஞனைக் காண 1994இன் பதிவுக்குத் திரும்பிச் செல்கிறோம். அங்கும் ஒரு முதியவர் நமக்கு முன்பே வந்து அமர்ந்திருக்கிறார்.