பங்கிடப்பட்ட சிந்து

1947இல் ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு பஞ்சாப் மண்ணோடு அதன் நீர்ப்பாசனத்தையும் துண்டாடிற்று. மாதோப்பூர், பிரோஸ்பூர் தலைமதகுகள் இந்தியாவிற் சேர்ந்தன. அவற்றை நம்பிய வயல்கள் பல பாக்கிஸ்தானிற் கிடந்தன. இடைக்கால ஏற்பாடு முடிவுற்றதும், 1948 ஏப்ரல் 1ஆந் திகதி கிழக்குப் பஞ்சாப் அரசு கால்வாய் நீரை நிறுத்திற்று. கோடு வகுத்தோர் வாடவில்லை, வாடியவன் உழவனே.

1951இல் அமெரிக்கரான டேவிட் லிலியந்தால், படுகை முழுவதையும் ஓரலகாகக் கொண்டு இருநாடுகளும் கூடி நிருவகிக்கலாம் என்றார். அரசியற் பகைமை அதற்கு இடந்தரவில்லை. உலக வங்கியின் இடையீட்டால் 1960 செப்டெம்பர் 19ஆந் திகதி நேருவும் அயூப்கானும் கராச்சியில் உடன்படிக்கை செய்தனர். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாக்கிஸ்தானுக்கு.

1965, 1971 போர்களிலும் அவ்வுடன்படிக்கை முறியவில்லை. அச்சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், அது ஆறுகளைப் பங்கிட்டதேயன்றிப் படுகையைக் கூடிப் பேணும் வழியை வகுக்கவில்லை. 2025 ஏப்ரலில், பகல்காம் தாக்குதலையடுத்து, இந்தியா அதனை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அரசுகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய பங்கீடு எத்துணை நொய்தென்பதை நாம் கண்டோம்.

உருகும் பனிமலையும் பெருகும் வெள்ளமும் எல்லைக்கோட்டை அறியா. நீரைப் பகிர்வதோடு அதனைக் காக்கும் பொறுப்பையும் பகிர்தல் வேண்டும். அக்கோரிக்கை இருபுறத்து உழவரிடமிருந்தும் ஒருங்கே எழும் நாளிலேதான் சிந்துவெளியில் மெய்யான கூட்டுறவு பிறக்கும்.