ஓரியின் வில்லும் ஒரு ஸ்மாஷும்

கொல்லிமலைன்னதும் எனக்கு வல்வில் ஓரி ஞாபகம்தான் வரும். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூறு 152-ல் இருக்கிறது. மிகைதான், இருக்கட்டும். நான் பார்ப்பது அந்தப் பேரை. கையை வைத்துப் பேர் வரலை, வில்லை வைத்து வந்திருக்கு! தோளும் முதுகும் மெதுவாக இழுத்துச் சேர்த்த சக்தியை, வில்தானே நொடியில் அம்புக்குத் தருது?

பேட்மின்டன் ஸ்மாஷில் அந்த வில் கிடையாது, உடம்பேதான் வில்லாகணும். கால் தரையை உந்தும், இடுப்பு திரும்பும், பின்தங்கும் தோள் நாண் மாதிரி விறைக்கும். அது விடுபடும்போது முன்கை சுழன்று மட்டை பாயும். 2023-ல் ஜப்பானில் நம்ம சாத்விக்சாய்ராஜ் 565 கி.மீ. வேகத்தில் அடித்து கின்னஸில் ஏறியதும் இந்த வித்தையால்தான்.

"மணிக்கட்டை வெட்டு, போதும்"னு சொல்லித்தர்றவங்க ஓரியையும் கொஞ்சம் நினைச்சுக்கணும். என்ன சொல்றீங்க மக்களே?