கோடை முகாமில் பிறந்த நூற்பட்டியல்

நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில், ஞாயிறு பள்ளி எனப்படும் சமயக் கல்வி வகுப்புகளின் ஆசிரியர்களுக்காக லூயிஸ் மில்லரும் மெதடிஸ்ட் போதகர் ஜான் ஹெயில் வின்சென்டும் 1874இல் தொடங்கிய கோடை முகாம், நான்கே ஆண்டுகளில் நூல் தேர்வின் வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பற்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், வீட்டிலிருந்தபடியே நான்காண்டுகள் ஒழுங்காகப் படிப்பதற்கென வின்சென்ட் 1878இல் நிறுவிய இலக்கிய அறிவியல் வட்டம், வரலாறு, இலக்கியம், அறிவியல், சமயம் ஆகிய துறைகளின் நூல்களை ஆண்டுதோறும் தேர்ந்து பட்டியலிட்டது. எதைப் படிப்பது என்னும் பொறுப்பை வட்டமே ஏற்றமையால், ஊர்தோறும் சிறு குழுக்களாகக் கூடியவர்கள் ஒரே நூலை ஒரே காலத்தில் படித்து விவாதிக்க முடிந்தது. அதன் பெருஞ்சிறப்பு இதுவே. படிப்பை நிறைவுசெய்த முதல் அணியினர் 1882ஆம் ஆண்டுக் கோடையில் சான்றிதழ் பெற்றனர். வட்டம் இன்றும் நூற்பட்டியல் வெளியிட்டு வருகிறது.