வாசுதேவநல்லூரில் கைமாறிய நட்பு: ஒரு மாற்று வரலாற்றுக் கேள்வி

வத்திராயிருப்பில் நின்று மேற்கே பார்த்தால் சதுரகிரி. அந்த மலைத்தொடர் தெற்கே ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி என்று நீள, மறுபுறம் திருவிதாங்கூர் மண் தொடங்கிவிடும். 1750களில் இந்த அடிவாரத்தை யார் ஆள்வது என்று ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் பாளையக்காரர்களும் மோதியபோது, மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர் அரசும் களத்தில் இருந்தது.

நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவருக்குத் திருவிதாங்கூர் முதலில் துணை நின்றது. களக்காட்டைத் தருவதாகக் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப்கான் பேசி முடித்ததும், 1759இல் அதே படை வாசுதேவநல்லூர் முற்றுகையில் பூலித்தேவருக்கு எதிராக நின்றது. இந்த நட்பு கைமாறாமல் இருந்து, பூலித்தேவர் வென்றிருந்தால்? துணைக்கு வந்த அரசு ஊர் திரும்பியிருக்குமா, ஆள உட்கார்ந்திருக்குமா?

பல்கேரிய வரலாற்றிலும் இதே கேள்வி உண்டு. 1877-78 போரில் துருக்கியரிடமிருந்து பல்கேரியரை மீட்ட ரஷ்யா, பெர்லின் உடன்படிக்கையால் ஒன்பது மாதங்களுக்கு மேல் அங்கே படை வைத்திருக்க முடியாமல் போனது. ஜார் நிலையாக ஆண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதற்குக் கற்பனை தேவையில்லை. பல்கேரியாவுக்கு வடக்கே, பெசராபியாவின் போல்கிராத் நகரில் குடியேறிய பல்கேரியர் ரஷ்ய ஆட்சியில் வாழ்ந்திருக்கிறார்கள். 1858இல், அப்பகுதி மால்டாவியாவிடம் இருந்த இடைக்காலத்தில், அங்கே பல்கேரிய உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 1878க்குப் பிறகு ரஷ்யா திரும்பி வந்தது. பள்ளி ரஷ்ய மொழிக்கு மாறியது. மீட்பர் ஆட்சியின் முகம் அந்த வகுப்பறையில் தெரிகிறது.

நமக்குப் போல்கிராத், செங்கோட்டை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூரின், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்த் தாலுகா. ஊர் முகப்பு வளைவில் அந்த அரசின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர்.

நில உரிமையில் இந்த மாற்று வரலாறு நன்மையாகவே முடிந்திருக்கலாம். 1865 பண்டாரப்பாட்ட விளம்பரம் திருவிதாங்கூரின் அரசு நிலக் குடிகளுக்கு முழு உரிமை தந்தது. இந்தப் பக்கம் சேத்தூர், சிவகிரி ஜமீன் குடிகள் 1948 ஒழிப்புச் சட்டம் வரை காத்திருந்தார்கள். எண்பத்து மூன்று ஆண்டு! இதைச் சிறிய விஷயமாகத் தள்ள முடியாது.

ஆனால் அதே அரசில்தான் தென் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேலாடைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தலைவரியும் இருந்தது. கம்பெனி வழிவந்த ஆட்சியில் சாதிக் கொடுமை இல்லை என்று வாதிட வரவில்லை. 1899 சிவகாசிச் சாதிக் கலவரம் இந்த மண்ணில் நடந்ததுதான். தமிழுக்கோ அங்கே இடம் சுருங்கியது. தாய்த்தமிழகத்தோடு சேரக் கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது.

ஆகவே, பூலித்தேவர் வென்றிருந்தால் வத்திராயிருப்பு விடுதலை பெற்றிருக்கும் என்ற நம்பிக்கை நிற்காது. களக்காட்டுக்காக நட்பை மாற்றிய அரசு, ஸ்ரீவில்லிபுத்தூரின் நஞ்சையை விட்டுப் போயிருக்காது.

இந்த வாதத்தை இன்னும் சோதிக்கலாம். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் பழைய ஆவணங்களான மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்கள் யாராவது மலையாளம் கற்று அவற்றை ஊர் ஊராகப் படிக்க வேண்டும், செங்கோட்டையிலிருந்தே தொடங்கலாம்.